சாடிக் கன்றின் நோயறிதல்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட ஆண்டு 1880. மாத்தளை மலைகளில் விளைந்த கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு விரைவாகக் கொண்டு சேர்ப்பது அதன் நோக்கங்களுள் முதன்மையானது. அதே ஆண்டில் ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் ஆங்கிலத் தாவரவியலறிஞர் ஒருவர் இலங்கைக்கு வந்தார். 1869ஆம் ஆண்டு முதல் கோப்பித் தோட்டங்களைப் பீடித்திருந்த இலைநோயின் காரணத்தைக் கண்டறிவதே அவருக்கு இடப்பட்ட பணி.

அந்நோய் கண்ட செடியின் இலைகளில், அடிப்புறத்தே செம்மஞ்சள் நிறத் தூள் படியும், இலைகள் உதிரும், செடி மெலியும். பருவநிலையின் கோளாறு என்றனர் சிலர். மண்ணின் வளம் குன்றியது என்றனர் வேறு சிலர். பசளையை மிகுதியாக இட்டால் செடி தேறும் என நம்பிப் பெரும் பொருள் செலவிட்டோரும் உளர். வார்ட் இலைகளை நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்து, இலைக்குள்ளே வாழும் ஒரு பங்கசே நோய்க்குக் காரணம் என்றும், அதன் நுண்ணிய வித்திகளைக் காற்றுப் பரப்புகின்றது என்றும் நிறுவினார். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. சில ஆண்டுகளுக்குள் கோப்பிச் செய்கை பெரும்பாலும் அழிந்தது. தென்னிந்தியாவிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்து, அக்கோப்பியை நம்பி வாழ்ந்த தொழிலாளரும் பெருந்துன்பம் எய்தினர்.

கோப்பி நின்ற மலைகளிற் பின்னர் தேயிலை வந்தது. தேயிலைக்கு நிழல் தரவும் காற்றைத் தடுக்கவும் அவுஸ்திரேலிய நாட்டுக் கிரெவில்லியா மரம் நடப்பட்டது. எல்கடுவை, ரத்தோட்டை முதலிய இடங்களிற் செல்வோர் இம்மரத்தைக் காணாது திரும்ப இயலாது. மிளகுக் கொடி படர்வதற்கும் இதனை நடுவர். யூக்கலிப்டஸ், சவுக்கு, அக்கேசியா, போத்தல் கழுவும் தூரிகை போன்ற செந்நிறப் பூங்கொத்துக்களையுடைய கலிஸ்டமன் ஆகியனவும் அவுஸ்திரேலிய மண்ணுக்குரிய மரங்களே. இவை இன்று இலங்கையிற் பலரும் அறிந்தவை.

இம்மரங்களின் இளங்கன்றுகளைச் சிறு சாடிகளில் நட்டு, கிளையையும் வேரையும் அளவாகக் கத்தரித்து, முதுமரத்தின் தோற்றத்தைச் சிறு உருவிற் காட்டும் கலை பொன்சாய் எனப்படும். சீனத்திற் பிறந்து யப்பானிற் சிறந்த இக்கலை இன்று உலகெங்கும் பயிலப்படுகின்றது. அவுஸ்திரேலியர் தம் நாட்டு மரங்களையே இவ்வாறு வளர்த்துப் பெரும்பயன் கண்டுள்ளனர். ஆயினும் இக்கலையைத் தொடங்குவோர் முதலிரண்டு ஆண்டுகளிற் பல கன்றுகளை இழந்துவிடுகின்றனர். காட்டு மரத்தின் வேர் நீரையும் உணவையும் தேடித் தொலைவு செல்லும். ஒரு பக்கத்து மண் தீயதாயின் மறுபக்கம் திரும்பும். சாடியிலுள்ள கன்றுக்கு அவ்வாய்ப்பு இல்லை. இரு கையளவு மண்ணே அதன் உலகம். அவ்வுலகில் வளர்ப்பவர் செய்யும் சிறு பிழையும் பெரும் பிழையாகிவிடும்.

மாத்தளையில் ஒரு மாணவி, தன் வீட்டு முற்றத்திலே ஓராண்டு வயதுடைய கிரெவில்லியாக் கன்று ஒன்றைச் சாடியில் வளர்ப்பதாகக் கொள்க. ஒருநாள் அதன் இலைகளின் ஓரம் கருகியிருக்கக் காண்கிறாள். எரு போதவில்லை என்கிறார் பாட்டி. தண்ணீர் போதவில்லை என்கிறார் அயலவர். பூச்சி மருந்துப் போத்தல் ஒன்றை எடுத்துத் தருகிறார் கடைக்காரர். மூவரும் நல்லெண்ணம் உடையவர்களே. மூவர் சொல்லையும் அவள் கேட்டு நடந்தால், இரண்டு கிழமைக்குள் அக்கன்று மடிந்துவிடக்கூடும். கோப்பித் தோட்டங்களில் நேர்ந்ததும் இதுவே: காரணம் அறியும் முன்னரே மருந்து முந்திக்கொண்டது. நோயையும் அதன் காரணத்தையும் தெளிந்த பின்னரே பரிகாரம் தேடவேண்டும் என்னும் வள்ளுவர் நெறி மனிதருக்கு மாத்திரம் உரியதன்று. சாடிக் கன்றுக்கும் அது பொருந்தும்.

முதலாவதாகக் கேட்கவேண்டிய வினா, இது நோய்தானா என்பதாகும். அவுஸ்திரேலியக் கன்றுகளின் இயல்பான மாற்றங்கள் சில, அறியாதவர் கண்ணுக்கு நோயாகத் தோன்றும். அக்கேசியா இனங்கள் பலவற்றின் முளைக்கன்று, முதலிற் புளியிலை போலச் சிறு சிறு இலைகளாகப் பிரிந்த கூட்டிலையைத் தரும். சில வாரங்களில் அவ்விலைகள் குறைந்து, இலைக்காம்பே தட்டையாகி இலையின் தொழிலைச் செய்யும். யூக்கலிப்டஸ் கன்றின் இளமை இலையும் முதிர்ந்த இலையும் வடிவிலும் நிறத்திலும் வேறுபடும். கலிஸ்டமன் துளிர் இளஞ்சிவப்பாய்ப் பட்டுப்போன்ற மயிருடன் தோன்றும். கிரெவில்லியா, வறண்ட காலத்திற் கீழிலைகள் சிலவற்றை மஞ்சளாக்கி உதிர்க்கும். இவை யாவும் இயற்கையே.

மண்ணுக்குள்ளும் இத்தகைய மயக்கங்கள் உண்டு. சவுக்கின் வேரிற் பவளக்கொத்துப் போன்ற சிறு முடிச்சுக்கள் காணப்படும். அவற்றினுள் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மரத்துக்கு உணவாக்கித் தருகின்றது. நோய்க்கட்டி என்று எண்ணி அவற்றை வெட்டியெறிவது, வீட்டுக்கு உணவளிப்பவனைத் துரத்துவது போலாகும். கிரெவில்லியா, பங்க்சியா ஆகியவற்றின் வேர்களில் மெல்லிய சிறுவேர்கள் நெருங்கித் தூரிகைக் கொத்துப்போல் அமைந்திருக்கும். புரோட்டியக் குடும்பத்துக்குரிய இவ்வேர்க்கொத்துக்களை 1960ஆம் ஆண்டில் ஹெலன் பேர்னல் என்னும் அவுஸ்திரேலிய ஆய்வாளர் விரிவாக விளக்கினார். யூக்கலிப்டஸ் இனங்கள் பலவற்றில், இளந்தண்டின் அடியில், வித்திலை இருந்த கணுவில், கட்டை போன்ற வீக்கம் ஒன்று தோன்றும். காட்டுத்தீ மரத்தை எரித்தாலும் மீண்டும் துளிர்ப்பதற்கென அம்மரம் சேமித்து வைத்திருக்கும் அரும்புகளும் உணவும் அதனுள்ளே உள்ளன. பொன்சாய்க் கலைஞர் அவ்வீக்கத்தை முதுமரத்தின் அடிபோலத் தோன்றச் செய்து அழகுபடுத்துவதும் உண்டு.

இயல்பான மாற்றம் அன்று என்பது தெளிவானால், இரண்டாவது வினா நீரைப் பற்றியதாகும். வாடிய கன்றைக் கண்டவுடன் நீர் ஊற்றுவதே பெரும்பாலோர் வழக்கம். வாட்டத்துக்கு இரண்டு காரணங்கள் உண்டு. அவை ஒன்றுக்கொன்று எதிரானவை. நீர் இன்றி வேர் காய்ந்தாலும் இலை வாடும். நீர் மிகுந்து வேர் அழுகினாலும் இலை வாடும். அழுகிய வேர் நீரின் நடுவே இருந்தும் அதனை உறிஞ்ச மாட்டாது. ஆகவே, இலையைப் பார்த்து நீர் ஊற்றாது, மண்ணைப் பார்த்து ஊற்றவேண்டும். மெல்லிய மூங்கிற் குச்சி ஒன்றைச் சாடியின் விளிம்போரமாக அடிவரை செருகிச் சிறிது நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஈரம் எவ்வளவு என்பது புலப்படும். சாடியைத் தூக்கிப் பார்த்துப் பழகியவருக்கு அதன் பாரமே விடை கூறும்.

மண் ஈரமாயிருக்கக் கன்று வாடினால், அதனைச் சாடியிலிருந்து மெல்லக் கழற்றி வேரைக் காணவேண்டும். நலமுள்ள வேர் நுனி வெண்மையாகவோ இளம் பழுப்பாகவோ உறுதியாக இருக்கும். அழுகிய வேர் கருமையாகித் துர்நாற்றம் வீசும். விரலால் இழுத்தால் மேற்றோல் கழன்று உள்நரம்பு மாத்திரம் நூல்போல் எஞ்சும். இவ்வழுகலுக்குக் காரணமான நுண்ணுயிர்களுள் பைற்றொப்தரா சின்னமோமி என்பது மிகக் கொடியது. 1922ஆம் ஆண்டிற் சுமாத்திராவிலுள்ள கறுவா மரங்களிற் கண்டு விவரிக்கப்பட்டமையால் கறுவாவின் பெயர் அதனுடன் ஒட்டிக்கொண்டது. மேற்கு அவுஸ்திரேலியாவின் ஜரா மரக்காடுகளையும் பங்க்சியாக்களையும் பெருமளவில் அழித்ததும் இதுவே. இதன் வித்திகள் நீரில் நீந்திச் செல்லும் ஆற்றல் உடையவை. ஆதலால் நீர் தேங்கும் மண்ணே இதற்கு உகந்தது. ஐப்பசி முதல் மார்கழி வரை மாத்தளையில் மழை மிகும்போது இவ்வபாயமும் மிகும். சாடியைத் தரையில் வையாது செங்கல் மேல் உயர்த்தி வைத்தல், அடித்துளைகள் அடைபடாது காத்தல், பருமணலும் உடைத்த செங்கற்றுணிக்கையும் கலந்த நீர்வடியும் மண்ணைப் பயன்படுத்தல் ஆகியவையே தற்காப்பு. அழுகிய வேரைச் சுத்தமான கத்தரியால் வெட்டிப் புதுமண்ணில் நடலாம். பழைய மண்ணை வேறொரு சாடிக்கு இடுதல் கூடாது.

இவ்விடத்தில் ஓர் இனத்துக்கான விதியை மற்றோர் இனத்துக்குப் பொருத்திவிடலாகாது. கலிஸ்டமன் ஆற்றோரத்துக்கும் சதுப்பு நிலத்துக்கும் பழகிய இனம். வறண்ட காலத்தில் அதன் சாடியை நீர் ஊற்றிய தட்டில் வைத்தாலும் தாங்கும். ஒருநாள் முற்றாகக் காய்ந்தால் அதன் சிறுகிளைகள் மடியும். பங்க்சியாவைத் தட்டு நீரில் வைத்தால் அழுகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைத்தொடரைக் கடந்து மாத்தளைப் பக்கம் வறட்சியாக வீசும் ஆனி, ஆடி மாதங்களில், காலையில் ஈரமாயிருந்த சிறு சாடி மாலைக்குள் காய்ந்துவிடுவதும் உண்டு.

மூன்றாவது வினா உணவைப் பற்றியது. இங்கு இலையின் வயதே வழிகாட்டி. நைதரசன், மக்னீசியம், பொற்றாசியம் ஆகியவை செடியினுள் இடம் பெயரக்கூடியவை. அவற்றில் ஒன்று குறைந்தால், செடி பழைய இலையிலிருந்து அதனை எடுத்துப் புதிய இலைக்கு அனுப்பும்; ஆகவே குறைபாடு முதலில் கீழிலைகளிலே தோன்றும். இரும்பு அவ்வாறு பெயர்வதில்லை. அது குறைந்தால் இளந்தளிர் மஞ்சளாகும். நரம்புகள் மாத்திரம் பச்சையாக நிற்கும்.

இளந்தளிர் இவ்வாறு வெளுத்தால், மண்ணில் இரும்பு இல்லை என்று உடனே முடிவு செய்யலாகாது. மாத்தளையைச் சூழ்ந்த நிலப்பகுதியிற் பளிங்குச் சுண்ணக்கல்லும் தொலமைற்றும் பரந்துள்ளன. அங்கே சுண்ணாம்பு சுடுதல் ஒரு தொழிலாகவும் இருந்துவருகின்றது. அத்தகைய நிலத்துக் கிணற்று நீர் வன்னீராக இருக்கும். அதனைச் சாடிக்கு நாள்தோறும் ஊற்றினால் மண்ணின் அமிலத்தன்மை படிப்படியாகக் குறையும். அப்பொழுது மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதனைக் கரைத்தெடுக்க இயலாது. சாடியின் விளிம்பிலும் மண்ணின் மேலும் வெண்ணிறப் படிவு தோன்றுதல் இதற்கு அடையாளம். மழைநீரைச் சேமித்து ஊற்றுவதே இதற்கு எளிய பரிகாரம். அவசரமாயின் செடிகள் உறிஞ்சத்தக்க வகையில் தயாரிக்கப்பட்ட இரும்புச் சேர்வையைச் சிறிதளவு கொடுக்கலாம்.

குறைவினால் வரும் நோயிலும் மிகுதியினால் வரும் நோயே அவுஸ்திரேலியக் கன்றுகளுக்குப் பெரும்பகையாகும். அவுஸ்திரேலியாவின் மண் மிகப் பழமையானது. பல இடங்களிற் பொசுபரசு மிகக் குறைந்தது. அம்மண்ணிற் பிறந்த புரோட்டியக் குடும்பத்து மரங்கள், அருகிக் கிடைக்கும் பொசுபரசைத் தம் வேர்க்கொத்துக்களால் வருந்தித் தேடி உறிஞ்சப் பழகியவை. திடீரென அது மிகுதியாகக் கிடைத்தால், வேண்டாமென்று நிறுத்தும் ஆற்றல் அவற்றுட் பலவற்றுக்கு இல்லை. உறிஞ்சிய பொசுபரசு இலைகளிற் சேர்ந்து நஞ்சாகின்றது. முதிர்ந்த இலைகளின் ஓரம் கருகும். இளந்தளிர் இரும்புக் குறைபாடு போல வெளுக்கும். பங்க்சியா, ஹேக்கியா ஆகியவற்றில் இது விரைவில் வெளிப்படும். கிரெவில்லியா இனங்களிடையே தாங்கும் அளவு வேறுபடும்.

தேயிலைக்கும் மிளகுக்கும் பசளை இடப்படும் தோட்டத்திலே கிரெவில்லியா ஓங்கி வளர்கின்றதே என்று கேட்போர் உண்டு. மலைநாட்டு அமில மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் பொசுபரசின் பெரும்பகுதியைப் பிணைத்து வைத்துவிடும். வேருக்குக் கிடைப்பது சிறிதே. மணலும் தும்புச்சோறும் நிறைந்த சாடி மண்ணில் அத்தகைய பிணைப்பு மிகக் குறைவு. இட்டதிற் பெரும்பகுதி நேரே வேரைச் சேரும். ஆகவே பயிர்ப் பசளைக் கலவை, எலும்புத்தூள், கோழியெரு ஆகியவற்றை இக்கன்றுகளுக்கு இடலாகாது. பசளைப் பையின் மீது அச்சிடப்பட்டுள்ள மூன்று எண்களுள் நடுவிலுள்ளது பொசுபரசைக் குறிக்கும். அவ்வெண் மிகச் சிறியதாயுள்ள பசளையையே, குறித்த அளவிற் பாதிக்கும் குறைவாக இடவேண்டும்.

இலையின் நுனி மாத்திரம் கருகியிருப்பின், தும்புச்சோற்றில் எஞ்சிய உப்புக் காரணமாகலாம். தும்புச்சோற்றைப் பலமுறை நன்னீரில் அலசிய பின்னரே மண்ணுடன் கலக்கவேண்டும். சவுக்குக் கன்று முழுவதும் வெளிறி வளர்ச்சி குன்றியிருந்து வேரில் முடிச்சுக்களும் இல்லாவிடின், நலமாக வளர்ந்துள்ள சவுக்கு மரத்தடி மண்ணில் ஒரு பிடி கலந்தால் அதற்கு வேண்டிய நுண்ணுயிர் வந்து சேரும்.

இவற்றையெல்லாம் பார்த்த பின்னரே பூச்சியையும் பங்கசையும் தேடுதல் முறை. எறும்பு கன்றின் மேல் வரிசையாக ஏறி இறங்கினால், செதிற்பூச்சியோ வெண்மூட்டுப்பூச்சியோ அழுக்கணவனோ தண்டில் அமர்ந்து சாற்றை உறிஞ்சுகின்றது என அறியலாம். அவை கழிக்கும் இனிப்பு நீரின் மேல் கரிபோன்ற பூஞ்சணம் படரும். கரியைத் துடைப்பதால் மாத்திரம் பயனில்லை, பூச்சியை நீக்கவேண்டும். வறண்ட காற்றுக் காலத்தில் இலைகள் மங்கி நுண்புள்ளிகள் தோன்றினால், ஒரு வெள்ளைத்தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டிப் பார்க்கலாம். தாளில் நகரும் தூள் தெரிந்தால் அது சிற்றுண்ணி. யூக்கலிப்டஸ் கன்றின் இலை நடுநரம்பிலும் காம்பிலும் சிறு கட்டிகள் வரிசையாகத் தோன்றினால், அது மேற்கூறிய அடித்தண்டு வீக்கமன்று. லெப்டோசைபே என்னும் சிறு குளவியின் வேலை அது. அவுஸ்திரேலியாவிற் பிறந்த இக்குளவி 2004ஆம் ஆண்டில் அறிவியற்பெயர் பெற்றது. தென்னிந்திய யூக்கலிப்டஸ் நாற்றுமேடைகளுக்கும் இது பெருந்தொல்லை தந்துள்ளது. சிறிய தாக்குதலாயின் தாக்கிய இலையைக் கிள்ளி எரித்தலும், நீரைப் பீய்ச்சிக் கழுவுதலும், வேப்பெண்ணெய் கலந்த சவர்க்காரக் கரைசலை மாலை நேரத்தில் தெளித்தலும் போதும்.

கோப்பியை அழித்த துருநோய்க்கு இனமான மற்றொரு துருநோய், கலிஸ்டமனும் யூக்கலிப்டஸும் சேர்ந்த மிர்ட்டில் குடும்பத்தைத் தாக்குகின்றது. 2010ஆம் ஆண்டில் அது அவுஸ்திரேலியாவில் முதன்முறையாகக் காணப்பட்டது. இளந்தளிர்களில் மஞ்சள் நிறத் தூள் படிதல் அதன் அடையாளம். அத்தகைய தூளைக் காண்பவர் செடியை அசைத்துப் பரப்பாது, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் உடனே அறிவித்தல் கடமையாகும். வெளிநாட்டிலிருந்து விதையோ கன்றோ தருவிப்பவர்கள் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அனுமதி பெறவேண்டும். ஒரு சாடிக்கென வரும் சிறு பொதியில், நாட்டின் காடுகளுக்கே கேடு விளைக்கும் நோய் ஒளிந்து வரக்கூடும்.

இனி, முன்னர்க் கூறிய மாணவியிடம் திரும்புவோமாக. அவள் பாட்டியின் எருவையும் அயலவரின் நீரையும் கடைக்காரரின் மருந்தையும் சற்றே நிறுத்திவைத்து, வரிசையாக வினவுகிறாள். கருகியவை முதிர்ந்த இலைகளின் ஓரங்கள். தளிர் சற்று வெளுத்திருக்கின்றது. மூங்கிற் குச்சியில் அளவான ஈரம் தெரிகின்றது. வேரைப் பார்க்கிறாள்: நுனிகள் வெண்மையாகவும், தூரிகைக் கொத்துக்கள் நலமாகவும் உள்ளன. எறும்பும் இல்லை, செதிலும் இல்லை. சாடியின் விளிம்பில் வெண்படிவும் இல்லை. கடந்த மாதம் என்ன செய்யப்பட்டது என்று எண்ணிப் பார்க்கையில், மிளகுக் கொடிக்கு இட்ட பசளைக் கலவையில் ஒரு பிடி இக்கன்றுக்கும் இடப்பட்டது நினைவுக்கு வருகின்றது. காரணம் கிடைத்துவிட்டது.

பரிகாரம் எளியது. மேல்மண்ணில் எஞ்சியுள்ள பசளையை வழித்தெடுத்து, மழைநீரைச் சாடியின் துளைகள் வழியே வழிந்தோடுமாறு சில நாள் இடைவெளியிற் பலமுறை ஊற்றி, கன்றைக் கடுவெயில் படாத இடத்தில் வைத்து, வேரை மேலும் கலைக்காமலும் கிளையைக் கத்தரிக்காமலும் பொறுத்திருத்தல் வேண்டும். நோயுற்ற காலத்திற் பொன்சாய்க் கலை ஓய்வு கொள்ளட்டும். அப்பொழுது வேண்டுவது பராமரிப்பு ஒன்றே. ஒவ்வொரு நாளும் செய்ததையும் கண்டதையும் ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிவருதல் நன்று. அடுத்த கன்று நோயுறும்போது அக்குறிப்பேடே முதல் மருத்துவனாகும்.

கருகிய இலை மீண்டும் பச்சையாவதில்லை. அதனைப் பார்த்து மனம் தளர்ந்து புதிய மருந்தைத் தேடுவதே பலர் செய்யும் கடைசிப் பிழை. கன்று தேறியதா இல்லையா என்பதை இனிவரும் தளிரே கூறும். அத்தளிர் வரச் சில வாரங்கள் ஆகலாம். அதுவரை பொறுத்திருக்கத்தான் வேண்டும்.